சாரதி கம்மின்ஸ்

மலைநாட்டுப் பாதைகளில் வாகனம் செலுத்திப் பிழைப்பவர்களுக்கு ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே பெரும் சோதனை. மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கும் வழியைத் தேயிலை மூடைகள் ஏற்றிய லொறியின் முன்னிருக்கையில் அமர்ந்து ஒருமுறை கடந்தவர்கள் இதனை நன்கு அறிவர். ஏறும்போது எஞ்சின் முனகும், இளைக்கும், முடியாமற்போனால் நின்றுவிடும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஒரு பீடி பற்றவைக்கலாம். இறங்கும்போது அந்த அவகாசம் இல்லை. பின்னாலிருக்கும் பாரம் முழுவதும் முன்னால் நகரத் துடிக்கிறது. வளைவுக்கு வளைவு மிதிக்கப்பட்ட பிரேக் சூடேறிக் கருகும் வாடை மூக்கில் ஏறுகிறது. சாரதி பேச்சை நிறுத்திவிடுகிறார்; பக்கத்திலிருப்பவரும் நிறுத்திவிடுகிறார்.

இந்த இறக்கத்தின் அச்சத்தை ஒரு வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் சுமந்து, முதுமையில் அதற்கொரு மாற்றுக் கண்டவர் கிளெசி லைல் கம்மின்ஸ். அவருடைய குடும்பப் பெயர் நம் வாசகர்களுக்குப் புதியதன்று. மின்சாரம் நின்றவுடன் வைத்தியசாலைகளின் பின்புறத்தில் உறுமத் தொடங்கும் பெரிய ஜெனரேட்டர்களின் நெற்றியில் அப்பெயரைப் பலர் கண்டிருப்பர். அது ஒரு கம்பெனியின் பெயர் என்று எண்ணி அப்பால் சென்றிருப்பர். அப்பெயருக்கு உரியவர் ஒரு செல்வர் வீட்டுக் கார்ச் சாரதியாய் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

புலவர்களின் வரலாற்றையும் பேராசிரியர்களின் வரலாற்றையும் விரும்பிப் படிக்கும் அன்பர்கள், எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்ட ஓர் எஞ்சின்காரரின் கதைக்கு இங்கு என்ன வேலை என்று கேட்கலாம். தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் கரும்பலகையின் முன் நின்றவன் நான். இலக்கணத்தில் பூச்சியம் வாங்கிய பையன், உடைந்த கடிகாரத்தைப் பிரித்து மீண்டும் ஓடவைப்பதைக் கண்டிருக்கிறேன். அப்பையனுடைய அறிவுக்கு மதிப்பெண் போட எங்களிடம் ஏடு இருந்ததில்லை. ஆதலால் கம்மின்ஸின் வாழ்க்கை எனக்கு வெறும் இயந்திரக் கதையாகத் தோன்றவில்லை.

அவர் 1888ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஹனி கிரீக் என்னும் சிற்றூரில், உழவர் குடியொன்றில் பிறந்தார். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்புத் தொடரவில்லை. ஆனால் சிறுவனாயிருந்தபோதே, மரத்தில் தாமே செதுக்கிய அச்சுகளைக் கொண்டு இரும்பை வார்த்து, பண்ணைக்கு ஒரு சிறு நீராவி எஞ்சினைச் செய்து ஓட்டியவர் அவர். பிஸ்டன் முன்பின் ஓடுவதைக் கண்ட அந்த நாளின் மயக்கம் அவரை விட்டு எழுபத்தொன்பது வயதுவரை நீங்கவில்லை.

1908இல் கொலம்பஸ் நகரத்து வங்கியாளர் வில்லியம் கிளாண்டன் அர்வின் என்பவருக்குக் கார் ஓட்டும் வேலையில் அமர்ந்தார். நம் நாட்டில் துரை பங்களாவின் சாரதிக்கு இருந்த இடம் எத்தகையது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வெள்ளை உடுப்பும் தொப்பியும் உண்டு. வாசற்படிக்கு அப்பால் பேச்சில்லை. அர்வின் வேறு வகை மனிதர். காரைச் செலுத்தும் இளைஞனின் கை, கார் ஓடாத நேரங்களில் எதைத் தேடுகிறது என்பதை அவர் கவனித்தார். தம் வாகனக் கொட்டகையிலேயே பட்டறை வைத்துக்கொள்ள இடங்கொடுத்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் அப்பட்டறை அரசாங்கத்துக்கு வண்டிச் சக்கரக் குடங்களைச் செய்து கொடுத்துச் சிறிது வளர்ந்தது.

இதற்கிடையே 1911இல், இந்தியானாபொலிஸ் ஓட்டத்திடலில் முதன்முறையாக நடந்த 500 மைல் பந்தயத்தில் வென்ற ரே ஹரூனின் மார்மன் காரைப் பராமரித்த குழுவில் கம்மின்ஸும் இருந்தார். பந்தயம் ஒரு வேடிக்கை என்று மற்றவர்கள் எண்ணியிருந்த காலத்தில், பந்தயத்திடலை ஒரு பரீட்சை மண்டபமாகக் காண அங்கேதான் அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

டீசலைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஜெர்மானிய அறிஞர் ருடோல்ப் டீசல் 1892இல் தம் கருத்துக்குக் காப்புரிமை கோரினார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் அறிஞர் முன்னிலையில் சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. அதில் தீப்பொறி இல்லை. காற்றை மிகவும் அழுத்தினால் அது கொதிக்கிறது; அக்கொதிப்பில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. தத்துவம் இவ்வளவுதான். நீராவி எஞ்சின் விறகிலும் நிலக்கரியிலும் உள்ள வலிமையில் பெரும்பகுதியைப் புகையாகவே விட்டுக்கொண்டிருந்த அக்காலத்தில், தன்னுள் எரிந்த எண்ணெயின் சூட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றிக்காட்டியது இது. ஆயினும் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவதற்குத் தடித்த இரும்பு வேண்டியிருந்தது. எனவே டீசல் என்றாலே கப்பலின் அடித்தளத்திலோ தொழிற்சாலையின் மூலையிலோ ஆடாமல் அசையாமல் குந்தியிருக்கும் பூதம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. நம் பக்கத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில், விடியுமுன் எழுந்து மலையடிவாரம்வரை கேட்ட எண்ணெய் எஞ்சினின் துடிப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்தப் பூதத்தை அறிவர்.

அதற்குக் காலும் சக்கரமும் கொடுக்கலாம் என்று நம்பியவர் கம்மின்ஸ். 1919 பெப்ரவரி 3ஆம் நாள் அர்வினின் பணத்தில் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனி தோன்றியது. முதற்பெரும் வாடிக்கையாளர் அஞ்சல் வழி வாணிபத்தில் புகழ்பெற்ற சியர்ஸ் நிறுவனம். பண்ணைகளுக்கான சிறு எஞ்சின்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று ஓலை வந்தது. பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பது அந்நிறுவனத்தின் வழக்கம். உழவர்கள் எஞ்சினை வாங்கினார்கள், அறுவடையை முடித்தார்கள், எஞ்சினைத் திருப்பி அனுப்பினார்கள். குறையுள்ள எஞ்சின்களும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. கம்பெனி ஏறக்குறைய மூழ்கியது. அடுத்த பத்தாண்டுகளும் நட்டமே. அர்வின் மட்டும் பணத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். பொறுமைக்கும் ஒரு கரை உண்டல்லவா? 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தபோது அந்தக் கரை வந்துவிட்டது.

அப்போது கம்மின்ஸ் செய்த காரியம் சாரதி ஒருவருக்கே தோன்றக்கூடியது. பழைய பக்கார்ட் கார் ஒன்றை வாங்கினார். அதன் பெற்றோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, படகுகளுக்காகத் தாம் செய்திருந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தினார். அவ்வாண்டு நத்தார் தினத்தன்று அர்வினின் வாசலில் அக்காரைக் கொண்டுவந்து நிறுத்தி, தம் பழைய எசமானரை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார். கணக்குப் புத்தகம் பத்தாண்டுகளாகச் சொல்லாத ஒன்றை அச்சவாரி சொல்லிவிட்டது. அர்வின் மீண்டும் பணம் கொடுத்தார்.

சில நாட்களில், 1930 ஜனவரியில், அதே கார் இந்தியானாபொலிஸிலிருந்து நியூயோர்க்குக்கு 792 மைல் ஓடியது. வழியிற் செலவான எண்ணெயின் விலை 1 டொலர் 38 சதம். எங்கும் இதே பேச்சு. ஆனால் மலிவு என்பது ஒரு புகழ்ச்சி ஆகுமா? மாட்டு வண்டியுங்கூட மலிவுதான். டீசல் என்றால் மந்தம் என்ற இழிசொல்லைத் துடைக்க வேண்டியிருந்தது. விளம்பரத்துக்குப் பணமில்லை. ஆகவே பந்தயத்தை விளம்பரமாக்கினார். அவ்வாண்டு மார்ச்சில் புளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் டீசல் கார் மணிக்கு 80 மைலைக் கடந்தது. மறுவருடம் பெப்ரவரியில் அதே மணலில் 100 மைலைச் சற்றே தாண்டியது.

1931 மே மாதத்து இந்தியானாபொலிஸ் பந்தயத்தைப் பற்றிச் சிறிது நின்று பேச விரும்புகிறேன். டூசன்பர்க் காரின் சட்டத்தில் கனத்த டீசல் எஞ்சினை ஏற்றி, டேவ் எவன்ஸ் என்பவரைச் சாரதியாக அமர்த்தித் தனி அனுமதியுடன் கம்மின்ஸ் அதில் இறங்கினார். வேகத்தில் மற்றக் கார்களை எட்டிப்பிடிக்க முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வென்ற லூயி ஷ்னைடரின் சராசரி மணிக்கு 96 மைலுக்கு மேல். டீசல் காரின் சராசரி 86. மற்றவர்கள் எண்ணெய்க்கும் டயருக்கும் ஒதுங்கி ஒதுங்கி நின்றபோது, இந்தக் கார் 500 மைலையும் ஓரிடத்திலும் நில்லாமல் ஓடி முடித்தது. அப்பந்தயத்தின் வரலாற்றில் அதற்குமுன் எவரும் அவ்வாறு செய்ததில்லை. செலவான எண்ணெய் 31 கலன் அளவே. கிடைத்த இடம் பதின்மூன்றாவது. பரிசேட்டில் மங்கிப்போகும் அந்தப் பதின்மூன்றாம் இடத்தை லொறி முதலாளிகள் மட்டும் கூர்ந்து படித்தார்கள். அவர்களுக்காகத்தான் அது ஓடியது.

அவ்வாண்டு ஓகஸ்டில் அவரே லொறி ஒன்றைச் செலுத்திப் புறப்பட்டார். டேவ் எவன்ஸும் இன்னொரு துணைவரும் உடன் இருந்தனர். நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ்வரை 3,214 மைல். எண்ணெய்ச் செலவு 11 டொலர் 22 சதம். இக்கணக்கு அக்காலத்து ஏடுகளில் பெரிதாகப் பேசப்பட்டது. பயணத்தின் இறுதியில், கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் நடந்ததோ நெடுங்காலம் அவருடைய நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது.

கணவாயின் உச்சியிலிருந்து பாதை நீண்டு சரிகிறது. கம்மின்ஸ் பாரத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார். பிரேக் சூடேறி வலுவிழந்தது. தாழ்ந்த கியரும் போதவில்லை. அடிவாரத்தில் பாதையைக் குறுக்கறுத்து ஒரு ரயில் தண்டவாளம். அதன்மேல் நீண்ட சரக்கு வண்டியொன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒதுங்க இடமில்லை. லொறி வேகங்கொண்டு இறங்க, வண்டித் தொடர் பெட்டி பெட்டியாக நகர, கடைசிப் பெட்டி தண்டவாளக் கடவையை நீங்கிய அதே கணத்தில் லொறி அதன் வாலை உரசாத குறையாகப் பாய்ந்து அப்பால் சென்றது. ஆறு மாதங்களுக்குமுன் மணலில் 100 மைல் கண்ட எஞ்சினின் தந்தைக்கு, ஒரு மலைச்சரிவில் அதனை நிறுத்த வழி தெரியவில்லை.

இதற்குக் காரணம் டீசலின் பிறவிக் குணமே. பெற்றோல் எஞ்சினில் காற்றுப் புகும் வழியில் ஒரு சிறு கதவு உண்டு. மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் கதவு மூடிக்கொள்ளும். எஞ்சின் காற்றுக்குத் தவித்துச் சக்கரங்களைப் பின்னுக்கு இழுக்கும். டீசலில் அக்கதவு இல்லை. காற்றுத் தாராளமாகப் புகுகிறது. ஏறும் பிஸ்டன் அதனை அழுத்துகிறது. அழுந்திய காற்று சுருள்வில்லைப்போலப் பிஸ்டனைத் திருப்பித் தள்ளி, வாங்கிய வலிமையில் பெரும்பகுதியை மீண்டும் கொடுத்துவிடுகிறது. ஆதலால் காலை எடுத்தாலும் பாரவண்டி பெரிதாகத் தளர்வதில்லை. கணவாயில் அவர் பெற்ற பாடம் இதுதான். அதற்கு விடை காண இருபது ஆண்டுகளுக்குமேல் சென்றன.

இடைக்காலத்தை விரைந்து கடக்கலாம். 1934இல் இரு டீசல் கார்களை மீண்டும் அதே பந்தயத்தில் ஓடவிட்டு, இரண்டு வீச்சு எஞ்சினா நான்கு வீச்சு எஞ்சினா என்று ஒப்புநோக்கினார்கள். இரண்டு வீச்சுக் கார் பன்னிரண்டாம் இடம்பெற்றது. நான்கு வீச்சுக் கார் கியர்ப்பெட்டி பழுதாகி நின்றது. ஆயினும் கம்பெனி தெரிந்தெடுத்தது நின்றுபோன நான்கு வீச்சையே. பந்தயத்தின் இடவரிசையைப் படிக்காமல் எஞ்சினின் உள்ளத்தைப் படித்த முடிவு அது. 1937இல்தான் கம்பெனி முதன்முதலாக இலாபம் கண்டது. பதினெட்டு ஆண்டுகள்! அர்வினைப் போன்ற ஒருவர் இருந்திராவிடில் இந்த வரலாறு பத்து வரிகளில் முடிந்திருக்கும்.

1952ஆம் ஆண்டுப் பந்தயத்தின் சிறப்புப் பெரும்பாலும் கிளெசியின் சகோதரர் டான் கம்மின்ஸையும் அவருடைய குழுவையும் சாரும். காரின் உயரத்தைக் குறைப்பதற்காக ஆறு சிலிண்டர் எஞ்சினை நிமிர்த்தி வைக்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். புகையின் வேகத்தால் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் டேர்போ என்னும் விசிறி, அப்பந்தயத்திடலில் முதன்முதலாகப் பூட்டப்பட்டது அக்காரில்தான். பிரெட் அகபாஷியன் அதனைச் சராசரி 138 மைல் வேகத்தில் செலுத்தி, முப்பத்துமூன்று கார்களுக்கும் முன்னே நிற்கும் உரிமையைப் பெற்றார். பந்தயத்திலோ எழுபத்தொரு சுற்றுகளோடு நின்றது. விசிறிக்குக் காற்றுப் புகும் வாய் மிகத் தாழ்வாய் அமைந்திருந்ததால், பாதையில் உதிர்ந்த டயர்த் துகள்களை விழுங்கி அடைத்துக்கொண்டதே காரணம்.

இன்று அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டிகளைக் கால் மைல் நேரோட்டப் பந்தயத்துக்கென்றே கட்டுகின்ற ஒரு பெரும் கூட்டம் இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு 402 மீற்றரை யார் முதலிற் கடப்பது என்பதே போட்டி. 1989இல் டொட்ஜ் பிக்கப்பில் வைக்கப்பட்ட கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சின், அவர்களுக்குக் குலதெய்வம்போல் ஆகிவிட்டது. தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதன் வலிமை 160 குதிரைத்திறன். பாரம் சுமக்க வார்த்த தடித்த இரும்பாதலால், பன்மடங்கு அழுத்தத்தையும் அது தாங்குகிறது. கூடுதல் எண்ணெயை உள்ளே தூவுகிறார்கள். அதற்கீடாகப் பெரிய டேர்போவால் காற்றைத் திணிக்கிறார்கள். சிலிண்டரின் தலை கழன்றெழாமலிருக்க வலிய ஆணிகளால் இறுக்குகிறார்கள். உடலின் கனத்தைக் கழிக்கிறார்கள். எண்ணெய் மிஞ்சிக் காற்றுக் குறைந்தால் கரும்புகை. அது வலிமையன்று, வீண்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது நூலகத்தாலன்று. என் பழைய மாணவன் ஒருவன் பதுளைப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கிறான். நான் சொன்ன கடிகாரப் பையன் அவனேதான். பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி, ஓய்வு நேரங்களில் பந்தயத்துக்கென்று அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். டேர்போவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். நான் இடைமறித்து, இதை நிறுத்துவதற்கு என்ன செய்திருக்கிறாய் என்று கேட்டேன். சேர் என்றைக்கும் இப்படித்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சாந்துத் துணியால் கையைத் துடைத்தான். அச்சிரிப்பில் எனக்கு முழு அமைதி உண்டாகவில்லை. 2021 மார்ச் 20ஆம் நாள் பசறை–லுணுகலை வீதியின் 13ஆம் மைற்கல்லருகே பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்ததையும், 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகி ஏழு உயிர்களைக் கொண்டுபோனதையும் ஊவாவில் வாழும் எவரும் மறந்திருக்க முடியாது. காரணங்களை ஆராய்வது என் வேலையன்று. அடுத்தமுறை சென்றபோது, கஹோன் கணவாயின் கதையை அவனுக்கு முழுவதும் சொன்னேன். அன்று அவன் சிரிக்கவில்லை. அந்த மாற்று எப்படி வேலை செய்கிறது என்று வரைந்து காட்டச் சொன்னான். நானும் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்தேன்.

அம்மாற்று இதுதான். 1955இல் கம்மின்ஸ் தம் கம்பெனியின் பொறுப்புகளிலிருந்து விலகி, கலிபோர்னியாவில் சோசலிட்டோ என்னும் கடலோர ஊரில் குடியிருந்தார். ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. கணவாயின் நினைவு திரும்பியது. அழுந்திய காற்றுத்தானே வலிமையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது? பிஸ்டன் உச்சியை எட்டும் தறுவாயில் புகைவழியின் வால்வைத் திறந்துவிட்டால், அக்காற்று பிஸ்டனைத் தள்ளாமல் வெளியே பாய்ந்துவிடும். அதனை அழுத்துவதற்கு வண்டி செலவிட்ட வலிமை முழுவதும் தொலைந்துபோகும். எண்ணெய் நின்றுபோக, எஞ்சின் காற்றழுத்தும் பம்பாக மாறி வண்டியைப் பின்னிருந்து பிடித்துக்கொள்ளும். சரியான கணத்தில் அந்த வால்வைத் திறப்பது எப்படி என்பதே சிக்கல். எண்ணெய் தூவும் கருவியை அசைப்பதற்கென்று அவருடைய எஞ்சினில் ஒரு தனி அசைவு ஏற்கெனவே இருந்தது. அவ்வசைவு நிகழும் கணமும், வால்வு திறக்க வேண்டிய கணமும் ஏறக்குறைய ஒன்றே. அதனைக் கடன்வாங்கி எண்ணெயழுத்தத்தின் மூலம் வால்வுக்கு அனுப்பினார். இளமையில் செய்து வைத்த எஞ்சினுக்குள்ளேயே முதுமையின் விடை காத்திருந்தது. அவருடைய படைப்புகளில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுவே. 138 மைல் வேகம் இதற்குப் பின்புதான்.

எஞ்சின் செய்யும் கம்பெனிகள் சிலவற்றின் கதவைத் தட்டினார். வேண்டாமென்றார்கள். ஓடவைப்பதற்குக் கொடுத்த பணத்தை நிறுத்துவதற்குக் கொடுக்க உலகம் எளிதில் இசைவதில்லை போலும். துளையிடும் கருவிகளின் பிடிகளைச் செய்து வந்த ஜேக்கப்ஸ் கம்பெனி அதனை ஏற்றுக்கொண்டு, 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாரலொறிச் சாரதிகள் அதற்கு ஜேக் பிரேக் என்று செல்லப்பெயர் சூட்டினார்கள். நம் பக்கத்துப் பேருந்துகளிலும் லொறிகளிலும் பெரும்பாலும் காணப்படும் புகைக்குழாயை அடைக்கும் பிரேக் வேறு; அது எளியது, வலிமையும் குறைந்தது. இரண்டையும் ஒன்றென்று மயங்க வேண்டாம்.

அடுத்த ஆண்டே, 1962இல், இந்தியாவின் பூனா நகரில் கிர்லோஸ்கருடன் கூட்டாக அவருடைய பெயர்தாங்கிய எஞ்சின் கம்பெனியொன்று தோன்றியது. தென்னாசியாவெங்கும் அப்பெயர் பரவியதற்கு அது ஒரு காரணம். அதிலெல்லாம் கிழவரின் கை இல்லை. அவர் தம் நினைவுகளை எழுதிக்கொண்டிருந்தார். டீசலோடு தாம் கழித்த நாட்களைப் பற்றிய அந்நூல் 1967இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் நாள் அவர் காலமானார்.

அவருடைய பிரேக் வேலை செய்யும்போது, அழுந்திய காற்று வெடித்து வெளிப்படுவதால், படபடவென்று பெரும் ஓசை எழும். மலையடிவாரத்து ஊர்களில் உறக்கம் கெடுகிறதென்று முறைப்பாடுகள் எழுந்தன. அமெரிக்காவின் பல சிற்றூர்களின் எல்லையில், இங்கே எஞ்சின் பிரேக்கைப் பாவிக்கலாகாது என்று எழுதிய பலகைகள் இன்றும் நிற்கின்றன.